ஈயின் காலடியும் மனிதனின் குரலும்

இலண்டன் மாநகரில், 1878-ஆம் ஆண்டு மே திங்களில், ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் அவையின் முன் ஒரு கட்டுரை வைக்கப்பட்டது. எழுதியவர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ். இசை பயிற்றும் ஆசிரியராக அமெரிக்காவிலே வாழ்வைத் தொடங்கியவர். எழுத்துகளை அச்சிட்டே தரும் தந்திக் கருவியை அமைத்து, அதனால் செல்வமும் சீரும் பெற்றவர். இப்போது அவர் காட்டிய புதுமையோ பார்வைக்குச் சிறுபிள்ளை விளையாட்டு! மூன்று ஆணிகள். இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, மூன்றாவதை அவற்றின் மேல் குறுக்கே தளர்வாகக் கிடத்தி, மின்கலத்தோடும் தொலைபேசியின் கேட்குங்குழலோடும் இணைத்திருந்தார். ஆணிக்குப் பதில் கரித்துண்டுகளை வைத்தபோது விளைவு இன்னும் சிறந்தது. ஓசை படும்போது அவை ஒன்றையொன்று அழுத்தும் அளவு மாறும். அதற்கேற்ப மின்னோட்டமும் மாறும். மறுமுனையில் ஓசை மீண்டும் பிறக்கும். அவ்வளவே!

அந்த எளிய கருவியைக் கண்டு உலகம் வாய்பிளந்து நின்றது. ஏன் தெரியுமா? பலகை மீது ஊர்ந்து செல்லும் ஈயின் காலடி அதிலே கேட்டது! மனிதச் செவிக்கு எட்டாத ஓசையையெல்லாம் எட்டவைக்கும் கருவி என்று ஏடுகள் புகழ்ந்தன. கண்ணுக்கு நுண்ணோக்கி எப்படியோ, காதுக்கு இது அப்படி என்று பொருள்படும்படி 'மைக்ரோபோன்' என்று பெயர் வைத்தார் ஹியூஸ். (அதே சொல்லை 1827-லேயே சார்லஸ் வீட்ஸ்டன் வேறொரு கருவிக்குச் சூட்டியிருந்தார்.) கரிப்பொருளால் இயங்கும் தொலைபேசி வாய்க்கருவியைத் தாமும் அமைத்திருந்த எடிசன், தம் உழைப்பைப் பறித்துவிட்டார்கள் என்று சீறினார். ஹியூஸோ காப்புரிமையே கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளட்டும் உலகம் என்று விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு மேலே செல்வோம்.

ஈயின் காலடியைக் கேட்டது கருவியின் முதற்பெருமை. இன்று, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அங்காடிக்குச் செல்லும் இளைஞன் கேட்பது என்ன? "ஈயின் ஓசை கேட்கக்கூடாது, விசிறியின் ஓசை கேட்கக்கூடாது, தெருவில் ஓடும் வண்டியின் ஓசை கேட்கக்கூடாது, என் குரல் மட்டும் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட மைக் ஒன்று கொடுங்கள்" என்கிறான். எல்லாவற்றையும் கேட்பதற்கென்று பிறந்த கருவியிடம், இன்னதைக் கேளாதே என்று கட்டளையிடுகிறோம். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது?

கேட்பவன் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இணையத்தின் வழியே நேரலையில் பேசுவது இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. 2011-இல் தொடங்கிய ட்விட்ச், அதனோடு யூடியூப் என்று மேடைகள் பெருகியபின், பாடம் நடத்துவோர், செய்தி உரைப்போர், விளையாட்டை விளக்குவோர், கதை சொல்வோர் என எத்தனையோ பேர் தம் வீட்டு மேசையிலிருந்தே பேசுகிறார்கள். பலருக்கு அதுவே பிழைப்பு. தோட்டத்து நடுவே மாளிகை கட்டி, தனியறையில் அமர்ந்து பேசுபவனுக்கு இரைச்சல் ஒரு சிக்கலே அல்ல. எந்த மைக்கை வாங்கினாலும் அவன் குரல் தெளிவாகவே ஒலிக்கும். ஒரே அறையில் நால்வர் வாழும் வீட்டில், பக்கத்துச் சுவருக்கு அப்பால் தையல் இயந்திரம் ஓட, சாளரத்துக்குக் கீழே பேருந்து உறும, தலைக்கு மேலே விசிறி சுழலப் பேசுகிறானே, அவனுக்குத்தான் சிக்கல். அமைதி என்பது காசு கொடுத்து வாங்கும் பண்டமாக இருக்கிறது. அந்தப் பண்டம் கிட்டாதவனும் தெளிவாகப் பேச வழியுண்டா? ஒலிவாங்கியின் வரலாற்றிலே இதற்கு விடை இருக்கிறது. அந்த வரலாற்றை அறியாதவனிடம் அங்காடிக்காரன் மாயம் பேசிக் காசு பறிக்க முடியும்.

தொலைபேசியின் கரி ஒலிவாங்கி முரட்டுக் கருவி. குரலின் நயமெல்லாம் அதிலே மடிந்துவிடும். ஆனாலும் ஆலைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் அதைக் கொண்டே பேச முடிந்தது. காரணம் எளிது: வாயை அதன் முகத்தருகே வைத்துப் பேசினார்கள். இந்தச் சிறு செய்தியை வாசகர் நினைவில் நிறுத்தவேண்டுகிறேன். பின்னால் இதுவே பெருஞ்செய்தியாகும்.

1916-இல் எட்வர்ட் வென்டி என்பார், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில், கண்டென்சர் ஒலிவாங்கியை உருவாக்கினார். இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அதன் பின்னே மயிரிழை இடைவெளியில் அசையாத் தட்டு ஒன்று. தகடு அதிரும்போது இரண்டிற்கும் இடையேயுள்ள மின்தேக்கம் மாறும். கரித்துகளின் கரகரப்பு ஒழிந்தது. குரல் குரலாகவே வந்தது. வானொலி வளர்ந்தது, 1920-களில். இங்கிலாந்தில் 1922-இல் பி.பி.சி. தோன்றியது. நிலையங்களின் சுவர்களிலே கனத்த திரைச்சீலைகள் தொங்கின, தரையிலே கம்பளம் விரிந்தது, கதவுகள் இரட்டையாயின. மாலை நேரத்து அறிவிப்பாளர்கள், காண்போர் எவருமில்லா அறையிலே, விருந்து உடை அணிந்துகொண்டு செய்தி படிக்கவேண்டும் என்று பி.பி.சி.யில் விதியும் இருந்தது! ஒலிவாங்கி எத்திசை ஓசையையும் ஒன்றுபோல் கேட்டது. ஆகவே ஓசையே இல்லாத அறையைக் கட்டினார்கள். கட்டும் வசதி படைத்தவர்களே பேசினார்கள்.

இந்த ஏற்பாடு முதலில் இடிந்த இடம் திரைப்படக் கொட்டகை. 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தபின், ஊமைப் படங்கள் உதிர்ந்து பேசும் படங்கள் பெருகின. நடிகர் பேச, பக்கத்திலே படப்பிடிப்புக் கருவி கடகடவென்று சுழன்றது. எத்திசையும் கேட்கும் ஒலிவாங்கி அந்தக் கடகடப்பையும் காதலன் பேச்சோடு சேர்த்தே பதிந்தது. என்ன செய்தார்கள்? கருவியையும் அதை இயக்கும் மனிதனையும் சேர்த்து, காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்தார்கள்! கண்ணாடிச் சாளரம் வழியாகப் படம் பிடித்துவிட்டு, வியர்வையில் குளித்து, மூச்சுத் திணறி வெளியே வந்தான் அந்தத் தொழிலாளி. கருவியின் குறைக்கு மனிதனைக் கூண்டில் அடைத்த கொடுமை!

தீர்வு ஆர்.சி.ஏ. நிறுவனத்து ஹாரி ஓல்சனிடமிருந்து வந்தது. ரிப்பன் ஒலிவாங்கி என்னும் கருத்தை 1920-களிலேயே ஜெர்மனியில் சீமன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஷாட்கியும் கெர்லாக்கும் கண்டிருந்தனர். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மிக மெல்லிய அலுமினிய நாடா ஒன்றைத் தொங்கவிடுவது அதன் அமைப்பு. ஓல்சன் அதை நடைமுறைக் கருவியாக்கி, 1930-களின் தொடக்கத்தில் களத்திலே இறக்கினார். முன்னிருந்து வரும் ஓசை நாடாவைத் தள்ளும். பின்னிருந்து வருவதும் தள்ளும். பக்கவாட்டிலிருந்து வரும் ஓசையோ நாடாவின் இரு புறத்தையும் ஒரே வேளையில், ஒரே அளவில் அழுத்தும். இரு கட்சியும் சம பலத்தோடு கயிற்றை இழுத்தால் கயிறு நகருமா? நாடா அசையாது. அந்தத் திசை ஓசையே இல்லாதது போலாகிவிடும்.

எதையும் கேட்ட கருவி, ஒன்றைக் கேளாதிருக்கப் பழகிய நாள் அது! சுவர் எழுப்பாமல், பெட்டியில் அடைக்காமல், வெறும் திசையைக் கொண்டே இரைச்சலை ஒதுக்க முடியும் என்று தெரிந்தது. கடகடக்கும் இயந்திரத்தைப் பக்கவாட்டிலே நிறுத்தினால் போதும்.

எனினும், பின்புறமும் கேட்கிறதே! அதையும் அடைக்கவேண்டாமா? எத்திசையும் கேட்கும் ஒன்றையும், இருதிசை கேட்கும் ஒன்றையும் ஒரே கூட்டில் வைத்து, இரண்டின் மின்னலைகளையும் கூட்டினார்கள். முன்பக்கத்தில் இரண்டும் கூடி இரட்டிப்பாகும். பின்பக்கத்தில் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துபோகும். கேட்கும் எல்லையைத் தாளில் வரைந்தால் நெஞ்சத்தின் வடிவம் வரும். ஆதலால் 'கார்டியாய்டு' என்றார்கள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 639, பறவைக் கூண்டு என்று பட்டப்பெயர் பெற்றது, இத்தகையதே. ஆனால் ஒரு கூட்டுக்குள் இரண்டு கருவிகள் என்றால் எடையும் இரட்டிப்பு, விலையும் இரட்டிப்பு. ஒலிபரப்பு நிலையம் வாங்கும், ஊர்ச்சங்கம் வாங்குமா?

இங்கேதான் பெஞ்சமின் பவர் வருகிறார். ஒடெசாவிலே பிறந்தவர், இயற்பெயர் பாம்ஸ்வைகர். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து, கியூபா வழியாக அமெரிக்கா சேர்ந்து, பொறியியல் பயின்று, சிகாகோவில் ஷூர் என்னும் நிறுவனத்தில் பணிக்கு அமர்ந்த இளைஞர். இரண்டு கருவி எதற்கு, ஒன்றே போதாதா என்று அவர் கேட்டார். ஒலிவாங்கியின் பின்புறத்திலே ஒரு வாயில் திறந்தார். பின்னிருந்து வரும் ஓசை அந்த வாயிலுள் நுழைந்து, தடைகள் வழியே தாமதப்பட்டு, தகட்டின் உட்புறத்தை அடையும். அதே ஓசை கருவியைச் சுற்றிக்கொண்டு முன்புறத்தை அடையவும் அதே நேரம் பிடிக்கும். உள்ளும் புறமும் ஒரே கணத்தில் ஒரே அழுத்தம்! தகடு அசையாது. முன்னிருந்து வரும் குரலோ முன்முகத்தை முதலில் தொட்டுவிடும். பின்வாயில் வழியே அது வந்து சேர்வதற்குள் தகடு அசைந்துவிடும். 1939-இல் யூனிடைன் 55 என்ற பெயரோடு இது வெளிவந்தது. பட்டை பட்டையாக வெள்ளி மினுக்கோடு, எல்விஸ் பிரெஸ்லியின் படங்களிலே காண்கிறோமே, அந்தக் குடும்பத்து ஒலிவாங்கிதான்.

காற்றுக்குப் பாதை போட்டுத் தாமதப்படுத்தினார், அவ்வளவே. மந்திரமில்லை, மாயமில்லை. இன்று நேரலைக்கென்று விற்கப்படும் ஒருதிசை மைக்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பவர் திறந்த அந்தப் பின்வாயில்தான். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பேசும் பேச்சாளரை நம் ஊர் மேடைகளிலே கண்டிருப்பீர்கள். அந்த வாயிலை அடைத்துவிடுகிறார் அவர். உடனே ஒலிபெருக்கி ஊளையிடுகிறது! மைக்காரர் மேல் கோபம் பாய்கிறது!

திசையால் எவ்வளவு இலாபம் என்று கணக்குப் பார்ப்போம். நாற்புறமும் சூழ்ந்த இரைச்சலில், எத்திசையும் கேட்கும் கருவி வாங்கும் ஆற்றலில் மூன்றிலொரு பங்கையே கார்டியாய்டு வாங்கும். டெசிபல் கணக்கில் 4.8. பின்னால் வந்த சூப்பர் கார்டியாய்டு, ஹைப்பர் கார்டியாய்டு வகைகள் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கும். ஹைப்பர் கார்டியாய்டு நான்கிலொரு பங்கு, அதாவது 6 டெசிபல். நல்ல இலாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேறொரு கணக்கையும் இதன் பக்கத்திலே வைத்துப் பார்க்கவேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு பாதியானால், குரல் 6 டெசிபல் உயரும். மேசை ஓரத்தில், 60 சென்டிமீட்டருக்கு அப்பால் நிற்கும் மைக்கை 30-க்குக் கொண்டுவாருங்கள், 15-க்கு, பிறகு நான்கு விரற்கடை, ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டருக்கு. மூன்று முறை பாதியாயிற்று. 18 டெசிபல் ஆயிற்று. ஆற்றலில் 64 மடங்கு! தெருவின் இரைச்சலோ தெருவிலேயே நிற்கிறது. அது ஒரு சிறிதும் உயரவில்லை. குரல் உயர்ந்த அளவுக்கு மைக்கின் ஒலியளவைத் தணித்தால், இரைச்சல் அதனோடு தாழ்ந்து போகிறது. உயர்ந்த அமைப்பு தரும் இலாபம் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. கையை நீட்டி மைக்கை அருகே இழுப்பதால் வரும் இலாபம் 64 மடங்கு. முன்னதற்குக் காசு. பின்னதற்கு?

இந்த உண்மையைப் போர்க்களம் ஐயமின்றி மெய்ப்பித்தது. இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் பொறி அலற, கவச வண்டியின் சங்கிலி நறநறக்க, வீரன் பேசவேண்டியிருந்தது. அங்கே திரைச்சீலை தொங்கவிட முடியுமா? எலக்ட்ரோ வாய்ஸ் என்னும் நிறுவனம் டி-45 என்ற உதட்டு ஒலிவாங்கியை அமெரிக்கப் படைக்கு அளித்தது. மேலுதட்டில் பொருந்தும் சிறு கருவி. முன்னும் பின்னும் துளை. தொலைவிலிருந்து வரும் பொறியின் அலறல் இரு துளையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நுழைந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். உதட்டிலிருந்து பிறக்கும் சொல்லோ அருகிலுள்ள துளையில் ஓங்கியும் மற்றதில் ஒடுங்கியும் நுழைவதால் அழியாது நிற்கும். திசையும் அண்மையும் கைகோத்த கருவி. இதற்கு முன்பே, 1930-களின் பிற்பகுதியில், பி.பி.சி. பொறியாளர்கள் ரிப்பனைக் கொண்டு உதட்டு ஒலிவாங்கி செய்திருந்தனர். மேலுதட்டில் படும்படி ஒரு தடுப்பு, எப்போதும் தொலைவு மாறாதிருக்க. ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் விளையாட்டரங்கின் நடுவே அமர்ந்து வருணனை செய்தவர்கள் அதைப் பிடித்துத்தான் பேசினார்கள். அதன் வழிவந்த கோல்ஸ் 4104 இன்றும் விற்பனையில் உள்ளது. அழகான கருவியன்று, பேசுபவன் முகத்தையே மறைத்துவிடும்! நேரலையில் முகம் காட்ட விரும்புவோர் அதை வாங்கமாட்டார்கள். ஆனால் இரைச்சலை ஒதுக்குவது ஒன்றே குறிக்கோளானால் கருவி எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

போருக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, அமைதியான அறைக்கான பாதை. பெர்லினின் நாய்மன் நிறுவனம் 1949-இல் யு-47, 1967-இல் யு-87 என்று கண்டென்சர் ஒலிவாங்கிகளைத் தந்தது. பாடகனின் மூச்சின் மெல்லிழையைக்கூடப் பிடித்துத் தரும் அருமைக் கருவிகள். பொருத்தமான அறை வேண்டும், அவ்வளவுதான். மற்றொன்று, மேடைக்கான பாதை. எர்னி சீலர் என்பார் ஷூர் நிறுவனத்தில், பவரின் கொள்கையைக் கைக்கு அடங்கும் வடிவில் சுருக்கி, முனையில் வாய்வைத்துப் பேசும் யூனிடைன் மூன்றை 1959-இல் தந்தார். கை உராயும் ஓசைகூட ஏறாதபடி உள்ளே காற்றைக்கொண்டே ஓர் அதிர்வுத் தாங்கி. அதன் வழி 1966-இல் எஸ்.எம்-58 வந்தது. கச்சேரி மேடை முதல் கட்சி மேடை வரை அது ஏறாத மேடை அரிது.

1973-இல் வந்த எஸ்.எம்-7, ஒலிபரப்பாளர்களுக்கென்று செய்தது. 1982-இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பில் அவர் குரலைப் பதிய அதையே பயன்படுத்தினார் ப்ரூஸ் ஸ்வீடியன். பின்னர் எஸ்.எம்-7பி என்று பெயர்மாறி, இன்று நேரலை பேசும் பலர் முகத்தெதிரே காட்சி தருகிறது. காட்சி தருகிறது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வணங்குவதற்குரிய பொருள் போலவே அது ஆகிவிட்டது! "டைனமிக் மைக் இரைச்சலைக் கேளாது, கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் கேட்டுவிடும்" என்று ஒரு வேதவாக்கு வழங்குகிறது. பகுத்து ஆராய்ந்தால் அது நிற்குமா?

காந்தமும் கம்பிச்சுருளும் இருந்தால் டைனமிக்; தகடும் தட்டும் இருந்தால் கண்டென்சர். தகட்டுக்கு வந்து சேரும் காற்றழுத்தத்தில் குரல் இவ்வளவு, இரைச்சல் இவ்வளவு என்று முன்கூட்டியே கலந்தே வருகிறது. கம்பிச்சுருள், "இது பேருந்து, இதை விடமாட்டேன்" என்று தரம் பிரித்தறியுமா? ஒரே திசையமைப்புடைய இரண்டையும் ஒரே தொலைவில் வைத்து, குரல் ஒரே அளவில் ஒலிக்கும்படி ஒலியளவைச் சரிசெய்தால், பின்னணி இரைச்சலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஒலிக்கும். கண்டென்சர் உயர் ஓசைகளைச் சற்றுக் கூர்மையாகத் தரும். வேற்றுமை அந்த அளவே. பின் ஏன் இந்த நம்பிக்கை? டைனமிக்கைத் தாங்குகரத்தில் பொருத்தி வாயருகே வைக்கிறார்கள், யு.எஸ்.பி. கண்டென்சரை, 2009-இல் வந்த ப்ளூ யெட்டி போன்றவற்றை, அதன் காலிலேயே நிறுத்தி, விசைப்பலகைக்குப் பின்னே இரண்டடி தள்ளி வைக்கிறார்கள். ஒன்றுக்குத் தொலைவு நான்கு விரற்கடை, மற்றொன்றுக்கு இரண்டடி. வென்றது அண்மை, புகழ் போனது கம்பிச்சுருளுக்கு!

வேறொரு தொல்லையும் உண்டு. எஸ்.எம்-7பி தரும் மின்னலை மிகச் சிறியது. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட். அதைப் பேச்சளவுக்கு உயர்த்த 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் தேவைப்படும். மலிவான பெருக்கி அவ்வளவு உயர்த்தும்போது தானே 'உஸ்' என்று சீறத் தொடங்கும். தெருவின் இரைச்சலை ஒழிக்கக் காசு கொடுத்தவன், பெருக்கியின் இரைச்சலை வீட்டுக்கு அழைத்துவந்த கதை. பிறகு அந்தச் சீறலை ஒழிக்க இன்னொரு பெட்டிக்குக் காசு.

ஜேம்ஸ் வெஸ்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுறாது. 1931-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பர். நிறத்தைக் கொண்டு பள்ளியையும் பிரித்துவைத்திருந்த காலம். மகன் இயற்பியல் படிக்கப் போகிறேன் என்றபோது பெற்றோர் கலங்கினர். பட்டத்தின் மேல் பட்டம் பெற்ற கறுப்பர்களுக்கும் ஆய்வுக்கூடத்தின் கதவு திறக்காததைக் கண்டவர்கள், மருத்துவம் படித்தால் வயிறாவது நிறையும் என்று எண்ணினர். வெஸ்ட் கேட்கவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரோடு கூடி, 1962-இல் எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை ஆக்கினார். கண்டென்சருக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் ஊட்டவேண்டும் என்ற நிலை மாறியது. மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டிலேயே மின்னூட்டத்தை நிலையாகத் தங்கவைத்தார்கள். கண்டென்சர் அரிசிமணிகள் சிலவற்றின் அளவுக்குச் சுருங்கியது, விலையும் சுருங்கியது. தொலைபேசிகளிலும் காதுகேள் கருவிகளிலும் அது குடியேறியது. நம் பொருளுக்கு முக்கியமானது இது: தலையணி ஒலிபெருக்கியிலிருந்து நீளும் சிறு தண்டின் நுனியில், வாயின் ஓரத்திலேயே அதை நிறுத்த முடிந்தது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள மைக்கை மேசையின் கோடியில் வைத்தவனைக் காட்டிலும், எளிய தலையணியின் தண்டு வாயருகே நிற்கப் பேசுபவனின் சொல் இரைச்சலிலே தெளிவாகக் கேட்கும். குரலில் கனமும் இனிமையும் குறையலாம், தெளிவு குறையாது.

கணிப்பொறி வந்தபின், ஓசை பதிவான பிறகே இரைச்சலைப் பிரிக்கும் முயற்சி தொடங்கியது. 1979-இல் ஸ்டீவன் போல், பேச்சில்லாத இடைவெளியிலே இரைச்சலின் சாயலை அளந்து, பேச்சிலிருந்து அதைக் கழிக்கும் முறையை வெளியிட்டார். 2017-இல் ஜான் மார்க் வாலின் வெளியிட்ட ஆர்.என்.நாய்ஸ், ஏராளமான பேச்சையும் இரைச்சலையும் காட்டிப் பழக்கிய வலையமைப்பைக் கொண்டு அதையே செய்தது. எவரும் விலையின்றி எடுத்தாளத் திறந்து வைக்கப்பட்டது. (ஹியூஸின் மரபு அற்றுப்போகவில்லை!) 2020-இல் என்விடியா தன் ஆர்.டி.எக்ஸ். வாய்ஸை வெளியிட்டது. சீராக ஓடும் விசிறியை இவை வியக்கத்தக்க முறையில் துடைத்துவிடும். குரலுக்கு நிகராக இரைச்சல் ஓங்கிவிட்டாலோ, எது குரல் எது இரைச்சல் என்று தடுமாறி, சொல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். நீருக்குள்ளிருந்து பேசுவது போலாகும் குரல். பக்கத்து அறையில் பேசுபவரின் குரலும் மனிதக் குரல்தானே, அதை ஏன் தடுக்கவேண்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. 'நாய்ஸ் கேட்' என்னும் வாயிற்கதவோ, பேச்சு நின்றபோது மட்டும் மூடும். பேசும்போது திறந்த கதவு வழியே இரைச்சலும் கூடவே நுழையும். மைக்கை நெருக்கி வைத்து, மிச்சமுள்ள சிறிதைத் துடைக்க மென்பொருளை அழைப்பது அறிவுடைமை. எல்லாவற்றையும் அதன் தலையிலே கட்டுவதால் கெடுவது பேசுபவனின் குரல்.

ஆகவே, வாங்கச் செல்பவர் முதலிற் கேட்கவேண்டியது டைனமிக்கா கண்டென்சரா என்பதன்று. இதை வாயருகே நிறுத்தத் தாங்குகரம் பொருத்த முடியுமா என்பதே. அடுத்து, திசையமைப்பு யாது என்பது. கார்டியாய்டு என்றால் நேர் பின்புறத்திலே செவிடு. ஆதலால் சாளரமும் விசிறியும் மைக்கின் முதுகுக்கு நேரே அமையும்படி நாற்காலியைத் திருப்பவேண்டும். சூப்பர் கார்டியாய்டு என்றால் அதன் செவிட்டுப் புள்ளி நேர் பின்னே இல்லை. முன்முகத்திலிருந்து 126 பாகையில், இருபுறமும் சாய்ந்து கிடக்கிறது. இதை அறியாமல், விலையுயர்ந்ததை வாங்கி விசிறியை நேர் பின்னே வைத்து ஏமாறுவோர் உண்டு. ஹைப்பர் கார்டியாய்டுக்கு 110 பாகை. விசைப்பலகையின் தட்டல் மேசை வழியாகவும் ஏறும். தாங்குகரத்தை அதே மேசையில் திருகாமல் சுவரிலோ தனிக் காலிலோ நிறுத்தினால் அடங்கும்.

அண்மைக்கும் ஒரு விலை உண்டு. ஒருதிசை மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனி பெருக்கும். 'ப' என்னும் எழுத்து வெடிக்கும். எலக்ட்ரோ வாய்ஸ் நிறுவனம் 1954-இல் வேரியபிள் டி என்ற முறையால், பின்வாயிலைப் பல துளைகளாகத் தொலைவு தொலைவாகப் பிரித்து அந்தப் பெருக்கத்தை அடக்கியது. 1968-இல் வந்த ஆர்.இ-20 அதன் வழித்தோன்றலே. வசதியில்லாதவர், மைக்கின் முகத்தில் நுரைப்பஞ்சை மாட்டி, வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கமாகச் சற்றே சாய்த்து வைத்தால் வெடிப்பு நீங்கும். தாழ்ந்த ஓசையைக் குறைக்கும் விசை பல மைக்குகளில் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் அடித்தொனியின் மிகையும் குறையும், பேருந்தின் உறுமலும் குறையும். பேசுபவனுக்குப் பின்னே வெறுஞ்சுவர் இருந்தால், அதில் மோதித் திரும்பும் இரைச்சல் அவன் தோளுக்கு மேலாக மைக்கின் முகத்திலேயே வந்து விழும். அந்தச் சுவரில் கனத்த போர்வை இரண்டை மடித்துத் தொங்கவிடலாம். 1920-களின் ஒலிபரப்பு நிலையங்கள் திரைச்சீலையால் செய்த வேலை அதுவேதான்; போர்வை எவர் வீட்டிலும் இருக்கிறது.